டால்பின் சிரிப்பதில்லை

கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் ஊர் திரும்பும் காலம் இது. துபாய், சிங்கப்பூர், தாய்லாந்து என்று போய் வந்தவர்கள் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டுக்காரர்கள். வந்த மறுநாளே கைபேசியை நீட்டிப் படம் காட்டுகிறார்கள். உயரமான கட்டடம், ஒட்டகச் சவாரி, அதற்கடுத்துத் தவறாமல் ஒரு டால்பின். நீலத் தொட்டியிலிருந்து எழும்பி வளையத்துக்குள் பாய்கிறது. மூக்கால் பந்தைத் தட்டுகிறது. குழந்தையின் கன்னத்தில் வாயை வைக்கிறது. "எப்படிச் சிரிக்குது பாருங்க சார்!" என்கிறார்கள்.

ஒரு குழந்தைக்கு டால்பினை அறிமுகம் செய்ய இது தகாத வழி என்பது என் அபிப்பிராயம். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் வழக்கம்போல் சண்டைக்கு வரலாம்.

முதலில் அந்தச் சிரிப்பு. அது சிரிப்பே இல்லை. தாடையின் அமைப்பு அப்படி; வாயின் ஓரம் மேல்நோக்கி வளைந்திருக்கும். பசித்தாலும் பயந்தாலும் நோயில் கிடந்தாலும் அதே வளைவுதான். கடற்கரையில் செத்து ஒதுங்கிய ஒன்றைப் பார்த்திருக்கிறேன். உடம்பெல்லாம் வலை அறுத்த காயம். வாய் மட்டும் தொட்டியில் ஆடுகிறதே, அதைப் போலவே இருந்தது. ஆகவே "அது சந்தோஷமாக இருக்கிறது" என்று குழந்தையிடம் சொல்வதற்கு அந்த வாயைச் சாட்சியாக வைக்க முடியாது.

அடுத்தது பெயர். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில் என்பது இந்தப் பக்கத்துக்கு வந்துபோகிறவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் டால்பினுக்கு 'தோஃபேன்' என்று பெயர். அந்தச் சொல்லை நாங்கள் முதலில் கற்றது விலங்கியல் பாடத்தில் இல்லை, சரித்திரப் பாடத்தில். பிரெஞ்சு அரசரின் மூத்த மகனுக்கு, அதாவது பட்டத்து இளவரசனுக்கு, அதுதான் பட்டப்பெயர். தெற்கே 'தோஃபினே' என்றொரு சிற்றரசு. அதன் பிரபுக்களின் கொடியில் டால்பின் சின்னம். 1349-இல் அது பிரான்சின் கைக்கு வந்தபோது பட்டமும் கூடவே வந்தது. இதை ஒப்பிக்கத் தெரிந்த எங்களில் பலர், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கடலில் அந்த 'தோஃபேன்' நீந்துகிறது என்று அறியவில்லை. குப்பத்திலிருந்து வந்த பையன்களுக்கு அது நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டில் அதன் பெயர் ஓங்கில். சிலர் கடல்பன்றி என்பார்கள்.

கடல்பன்றி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். டால்பினின் சின்ன உறவுக்கு பிரெஞ்சில் 'மர்சுவேன்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் மூலப் பொருள் கடல்பன்றிதான். வடக்கு மொழிகளிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. ஆங்கிலத்தில் 'போர்ப்பாய்ஸ்' என்கிறார்களே, அது லத்தீனில் பன்றிமீன். உருண்ட உடம்பு, தோலுக்குக் கீழே கொழுப்பு, மூச்சு விடும்போது ஒரு சீறல். மூன்று கரைகளில் நின்று பார்த்தவர்களுக்கும் அதே பிராணிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. பிரெஞ்சுக் கடற்படைத் துருப்புகளின் சிப்பாய்களுக்கு 'மர்சுவேன்' என்றொரு செல்லப் பெயரும் உண்டு. புதுச்சேரியில் பழைய 'சொல்தா' குடும்பத்தில் பிறந்தவர்கள் தாத்தா வாயால் கேட்டிருக்கலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குழந்தைக்குப் பெயரைச் சொல்லும்போது நம் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'டால்பின்' என்றால் அது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வெளிநாட்டு வஸ்து. 'ஓங்கில்' என்றால் நம் கடலில் இருக்கும் பிராணி. அந்த வித்தியாசம் குழந்தைக்குச் சட்டென்று புரியும்.

பெயருக்குப் பிறகு வாழ்க்கை. இங்கேதான் குழந்தைகளுக்குச் சொல்ல எத்தனையோ இருக்கிறது. தொட்டியில் அதில் ஒன்றும் தெரியாது.

ஓங்கில் மீன் இல்லை. நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுகிறது. தலை உச்சியில் ஒரு துவாரம், அதற்கொரு மூடி. நாம் தூங்கும்போதும் மூச்சு தானாக ஓடுகிறது. அதற்கோ ஒவ்வொரு மூச்சும் நினைத்து எடுக்க வேண்டிய வேலை. முழுக்கத் தூங்கிவிட்டால் ஆபத்து. ஆகவே மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி விழித்திருக்கும். பிறகு முறை மாற்றிக்கொள்ளும். அப்போது பெரும்பாலும் ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்திருக்கும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. குழந்தைகளுக்கோ கேட்டதும் கண் விரியும்.

பன்னிரண்டு மாதம் சுமந்து ஒரே குட்டி போடும். குட்டி பெரும்பாலும் வால் முதலில் வெளியே வரும். பால் குடிப்பது கடலுக்குள்ளேயே. ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு மேலும் பால் குடிக்கும். அதற்கப்புறமும் அம்மாவை விட்டு அகலாமல் மூன்று முதல் ஆறு வருஷம் வரை கூடவே திரியும். எங்கே மீன் கிடைக்கும், எதைத் தின்னலாம், எந்தச் சுறாவைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் கற்கும் பாடம்.

இந்தத் தாய்ப் பாடத்துக்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே நல்ல உதாரணம். அங்கே சில டால்பின்கள் கடலடியில் வளரும் பஞ்சுயிரி ஒன்றைப் பிய்த்து மூக்கில் உறைபோல் மாட்டிக்கொண்டு தரையைக் கிளறி மீன் பிடிக்கின்றன. கரடுமுரடான தரையில் மூக்கு கிழியாமல் இருக்க இந்த ஏற்பாடு. 1984-இல் முதலில் கண்டறிந்தார்கள். எல்லா டால்பினும் இதைச் செய்வதில்லை. தாய் செய்தால் பிள்ளை கற்றுக்கொள்கிறது, முக்கியமாகப் பெண் பிள்ளை. அம்மாவிடம் மகள் அடுப்படி வேலை கற்ற காலத்தைப் பார்த்த நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று, அதற்குப் பெயர் உண்டு. நாம் வைத்த பெயர் இல்லை, அதுவே வைத்துக்கொண்ட பெயர். ஒவ்வொரு டால்பினும் பிறந்த சில மாதங்களில் தனக்கென்று ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. வாழ்நாள் முழுக்க அதுதான் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லும் அடையாளம். அந்தச் சீழ்க்கையைப் போலவே ஒலி எழுப்பினால் உரிய டால்பின் பதில் கொடுக்கிறது என்பதை ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் நிரூபித்தார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் டால்பின் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். குட்டி பக்கத்தில் இருக்கும்போது தாய் தன் சீழ்க்கையைச் சற்று உச்ச ஸ்தாயிக்கு ஏற்றிக்கொள்கிறது என்று அங்கே கண்டிருக்கிறார்கள். நாம் கைக்குழந்தையிடம் குரலை மாற்றிப் பேசுகிறோமே, அதேதான்.

கலங்கிய தண்ணீரில் எப்படிப் பார்க்கிறது? காதால் பார்க்கிறது. 'டிக் டிக்' என்று ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வருவதைக் கீழ்த்தாடை வழியாகக் கேட்டு, எதிரே இருப்பது மீனா, பாறையா, எவ்வளவு தூரம் என்று அறிகிறது. இப்போது தொட்டியை நினைத்துப் பாருங்கள். கடலில் ஒரு நாளில் பல பத்துக் கிலோமீட்டர் போகிற பிராணி. எந்தப் பக்கம் ஒலி அனுப்பினாலும் திரும்பி வருவது அதே நாலு சுவரின் செய்திதான்.

எல்லாம் நல்லதாகவே சொல்லிவிடக் கூடாது. டால்பின்கள் சாதுக்கள் இல்லை. ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், உடம்பில் பல் கீறிய கோடு இல்லாத டால்பின் அபூர்வம். ஆண்கள் கூட்டணி கட்டி மற்ற ஆண்களோடு மோதும். ஸ்காட்லாந்துக் கரையில் தங்கள் சின்ன உறவான கடல்பன்றிகளையே தாக்கிக் கொன்றிருக்கின்றன. இதையும் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவர்கள் தாங்குவார்கள். தாங்க முடியாதது நமக்குத்தான்.

இப்போது ஒரு அரசாங்கக் காகிதம். முப்பத்தைந்து வருஷம் சுற்றறிக்கைகளோடு குடும்பம் நடத்தியவன் நான். 'பொருள்', 'பார்வை' என்று தொடங்கி 'உரிய நடவடிக்கைக்காக' என்று முடியும் காகிதங்களில் மனம் நின்றவை மிகக் குறைவு. அவற்றில் ஒன்று நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. 2013 மே 17-ஆம் தேதியிட்டது, மத்திய மிருகக்காட்சி ஆணையத்தினுடையது. டால்பின் காட்சியகம் அமைக்க எந்த மாநிலமும் அனுமதி கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். டால்பின்களின் அறிவைக் கருத்தில் கொண்டு அவற்றை 'மனிதரல்லாத ஆட்கள்' என்று கருத வேண்டும் என விஞ்ஞானிகள் சொல்வதையும், கேளிக்கைக்காக அவற்றை அடைத்து வைப்பது அறமாகாது என்பதையும் அந்தக் காகிதம் எடுத்துச் சொல்கிறது.

"இந்தியா டால்பினை ஆள் என்று அறிவித்துவிட்டது" என்று பல பத்திரிகைகள் எழுதின. குமாஸ்தா கண்ணோடு படித்தால் அது அப்படிச் சொல்லவில்லை. விஞ்ஞானிகளின் கருத்தை மேற்கோள் காட்டி, அதன்மேல் ஒரு தடையைப் போட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவே பெரிது. 'ஆள்' என்ற சொல் ஒரு விலங்கின் ஃபைலுக்குள் நுழைந்ததே, அது போதும்.

தடைக்குப் பின்னணி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1990-களின் இறுதியில் சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் கொண்டுவரப்பட்டன. ஆறு மாதத்துக்குள் எல்லாம் செத்துப்போயின. அன்றைக்கு அங்கே கைதட்டிய குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். அந்த டால்பின்கள் என்ன ஆயின என்று அவர்களில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்?

என் மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். பேத்திக்கு ஏழு வயது. பிறந்தநாளுக்கு டால்பின் காட்சிக்குக் கூட்டிப் போனான். அன்று இரவு வீடியோவில் பேசும்போது அவள் வளையம், பந்து, ஓவியம் தீட்டிய டால்பின் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "தாத்தா, அதோட அம்மா எங்க இருக்கு?" நான் பதில் சொல்வதற்குள் மகன், "அம்மா வீட்ல இருக்கு, கண்ணா" என்று சொல்லிப் பேச்சை மாற்றினான்.

பிறகு அவனுக்கும் எனக்கும் நீண்ட வாதம். அவன் கட்சியையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். "பார்க்காமல் எப்படிப்பா பிரியம் வரும்? நேரில் பார்த்தால்தானே நாளைக்குக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றும்?" என்கிறான். லேசாக ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை. உலகத்து மிருகக்காட்சி சாலைகளெல்லாம் இந்த வாதத்தின் மேல்தான் நிற்கின்றன.

என் பதில் இதுதான். அதே பேத்திக்கு டைனோசர் என்றால் உயிர். இருபது பெயர் ஒப்பிப்பாள். ஒரு டைனோசரையும் அவள் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. கதையும் படமும் எலும்பும் போதுமாக இருந்தன. பிரியம் வர நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்பது குழந்தைகளின் கற்பனையைக் குறைவாக மதிப்பிடுவது. மேலும், தொட்டியில் அவள் பார்த்தது டால்பின் வாழும் வாழ்க்கையை இல்லை. செத்த மீனுக்காக வித்தை காட்டும் ஒரு பிராணியைப் பார்த்தாள். அவள் கேட்ட கேள்விதான் உண்மையான உயிரியல் பாடம். அம்மாவோடு ஆறு வருஷம் திரிய வேண்டிய பிராணியைப் பார்த்து ஒரு குழந்தை அம்மா எங்கே என்று கேட்டால், பொய் சொல்லித்தான் பதில் சொல்ல முடிகிறது. குழந்தையிடம் பொய் சொன்னால்தான் நடக்கும் என்ற காட்சி குழந்தைக்கு உரியது ஆகுமா?

பிரியம் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. நியூசிலாந்தில் ஓபோனோனி என்ற சிற்றூர். 1955-56 கோடையில் ஒரு டால்பின் கரைக்கு வந்து குழந்தைகளோடு விளையாடியது. 'ஓப்போ' என்று பேர் வைத்தார்கள். ஊரே திரண்டது. கூட்டத்தில் சிலர் அதைத் தொந்தரவு செய்யவும் தொடங்கவே, காப்பாற்றச் சட்டம் கேட்டார்கள். 1956 மார்ச் 8-ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறுநாள் ஓப்போ பாறை இடுக்கில் செத்துக் கிடந்தது. தொட்டு விளையாடுவதே பிரியம் என்று எண்ணும் கூட்டத்திடமிருந்து ஒரு பிராணியைக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

பிரான்சும் இதில் விழித்துக்கொள்ள நாளாயிற்று. 2021 நவம்பரில் சட்டம் போட்டு, 2026 டிசம்பர் முதல் டால்பின், திமிங்கிலக் காட்சிகளுக்குத் தடை என்றார்கள். ஆந்தீப் நகரில் 1970 முதல் நடந்த மரீன்லேண்ட் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. கதவு மூடியபோது உள்ளே இரண்டு ஓர்க்காக்களும் பன்னிரண்டு டால்பின்களும் இருந்தன. தொட்டியிலேயே வாழ்ந்தவற்றைக் கடலில் விட்டால் பிழைக்கத் தெரியாது. இவற்றை எங்கே அனுப்புவது என்று பெரிய வழக்காகிவிட்டது. தடை போடுவது ஒரு கையெழுத்து. அடைத்து வைத்ததைத் திருத்துவது அப்படி இல்லை.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டியது கங்கை டால்பின். 2009-இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. புலியும் மயிலும் தெரிந்த பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. கண்ணில் லென்ஸ் கிடையாது, ஏறக்குறையக் குருடு. ஆற்றின் சேற்றுத் தண்ணீரில் ஒருக்களித்து நீந்தியபடி ஒலியாலேயே வழி கண்டு வாழ்கிறது. மூச்சு விடும் சத்தத்தை வைத்துத்தான் அங்கே 'சுசு' என்று பெயர். 2025-இல் வெளியான கணக்கெடுப்பில் இந்திய ஆறுகளில் மொத்தம் 6,327 டால்பின்கள். அதில் சிந்து நதி இனம் மூன்றே மூன்று, பஞ்சாபின் பியாஸ் ஆற்றில். இதே போன்ற ஓர் ஆற்று டால்பின் சீனாவின் யாங்சியில் இருந்தது. 2006-இல் ஆறு வாரம் படகில் தேடினார்கள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

சரி, வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதுமா? என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு விளையாட்டு போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசைக்கடியில் ஒளித்த 'மீனை' எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தனக்கொரு சீழ்க்கை வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவைச் சீழ்க்கையாலேயே கண்டுபிடிக்கட்டும். ஒரு கண்ணை மூடித் தூங்கிப் பார்க்கட்டும். டால்பினின் வாழ்க்கையில் பாதி இதிலேயே வந்துவிடும்.

பத்து வயதுக்கு மேல் என்றால், மீன்பிடிக்கும் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேச வையுங்கள். ஓங்கில் எந்த மாதம் தென்படும், எதைத் துரத்தும், வலையில் மீனை எப்படித் திருடும், செவுள் வலையில் சிக்கி மூச்சுக்கு மேலே வர முடியாமல் எப்படிச் சாகும் என்பதெல்லாம் அவருக்குப் பாடப்புத்தகத்தைவிட நன்றாகத் தெரியும். அவரை வில்லனாக்காமல் கேட்க வேண்டும். ஓங்கில் சிக்கினால் அவர் வலையும்தான் கிழிகிறது. தென் பிரேசிலின் லகூனா நகரில் நூறு வருஷத்துக்கும் மேலாக டால்பின்கள் மடவை மீனைக் கரைப்பக்கம் ஓட்டிவர, வலைஞர்கள் அதன் சைகை பார்த்து வலை வீசுகிறார்கள். இரண்டு பக்கமும் லாபம். மனிதனும் டால்பினும் சேர்ந்து தொழில் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி.

நேரில் பார்க்க ஆசையா? கொச்சிக் கோட்டைக் கரையில், கப்பல் நுழையும் வாயருகே காலையில் காத்திருந்தால் முதுகு தெரியும். டிக்கெட் கிடையாது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் இராவதி டால்பின் உண்டு; ஆனால் துரத்தாத படகாகப் பார்த்து ஏறுங்கள். கூடுதல் காசு தருகிறேன், கிட்டே போ என்று சொல்லும் அப்பாக்களால்தான் படகுக்காரர் துரத்துகிறார். ஒரு மணி நேரம் காத்திருந்து மூன்று வினாடி முதுகைப் பார்ப்பது ஏமாற்றம் இல்லை. கடல் யாருடைய வீடு என்பதை அந்த ஒரு மணி நேரம் கற்பிக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. கரையில் உயிரோடு ஒன்று ஒதுங்கினால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், மேலே ஏறிப் படம் எடுக்காதீர்கள். ஈரத்துணி போட்டு, தண்ணீர் தெளித்து, உச்சித் துவாரத்தில் மட்டும் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்து மௌனத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

பேத்தியின் கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் பெரிய எழுத்தில், படம் போட்டு. மகன் அதைப் படித்துக் காட்டுவானா என்று தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படி ஏதாவது கேட்டிருந்தால், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு உதவியாக இருக்கும்.